துருப்பிடித்து நிற்கும் ஃபியட்டை வீட்டிலேயே மீட்பது: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியப் பழைய கார் என்றதும் ஆல்ஃபா ரோமியோ, லான்சியா என்று கனவு காண்பவர்கள் உண்டு. காணட்டும். அந்தக் கார்களுக்கு ஒரு கதவுக் கைப்பிடி உடைந்தாலும் கடல் கடந்து வரவழைத்துச் சுங்க வரியும் கட்ட வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் புளியமரத்தடியிலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற இத்தாலியக் கார் ஒன்றுதான்: ஃபியட் 1100. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவருக்கு அதைவிட நல்ல கார் கிடைக்காது.

தாந்தே ஜியாகோசா வடிவமைத்து 1953ல் இத்தாலியில் வெளிவந்த கார் இது. இங்கே பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1964ல் வந்தது ஃபியட் 1100 டிலைட். 1970களில் பெயர் பிரீமியர் பிரசிடெண்ட் ஆகி, அப்புறம் பிரீமியர் பத்மினி ஆனது. பெயர் மாறியதே தவிர 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் ஓரத்து கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் எல்லாம் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன. அதனால் ஒரு காலத்துக் கார் பாகம் இன்னொரு காலத்துக் காருக்குப் பொருந்த நிறைய வாய்ப்புண்டு. ஒரு காலத்தில் மும்பையின் கருப்பு மஞ்சள் டாக்ஸிகள் பெரும்பாலும் இந்த வண்டிதான். அங்கே டாக்ஸியாகக் கடைசிப் பத்மினி பதிவானது 2003ல், 20 ஆண்டு வரம்பு முடிந்து தெருவை விட்டு இறங்கியது 2023 அக்டோபரில். அத்தனை ஆயிரம் வண்டிகளுக்காகச் செய்த உதிரி பாகங்கள் இன்னும் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த வேலையைப் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பெயிண்ட், அடுத்து சீட், பிறகு எஞ்சின், கடைசியில் ஞாபகம் வந்தால் பிரேக். பணமும் அதே வரிசையில் தீர்ந்து, பளபளவென்று மின்னும் கார் மறுபடி தார்ப்பாய்க்குள் போய்விடும். சரியான வரிசை இது: காகிதம், தகடு, பிரேக், எஞ்சின், வயரிங், கடைசியில் பெயிண்ட். இதை மாற்றாதீர்கள்.

காகிதம்

காருக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். உடலில் பொறித்திருக்கும் சாசிஸ் எண்ணும் எஞ்சின் பிளாக்கில் இருக்கும் எண்ணும் புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சினை எப்போதோ மாற்றிவிட்டுப் பதிவில் ஏற்றாமல் விட்ட வண்டிகள் ஏராளம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய ஆர்.சி.யில் வட ஆற்காடு என்று இருக்கும். அந்த வட ஆற்காடு 1989ல் இரண்டாகப் பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டம் 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி மூன்றானது. உங்கள் வண்டியின் கோப்பு இப்போது எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையால் எழுதிய புத்தகம் என்றால் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அது நடக்காமல் மேற்கொண்டு எதுவும் நகராது.

விற்பவர் உயிரோடு இருந்தால் பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசு முதலில் 31ஆம் எண் படிவத்தில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பதிவுக் காலம் 15 ஆண்டுதான். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை 25ஆம் எண் படிவத்தில் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரியும் காப்பீடும் தனி. 50 ஆண்டைத் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 2021ல் வந்த விண்டேஜ் பதிவு ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பர் பலகையில் வி.ஏ. என்று வரும். ஆனால் அந்தப் பதிவோடு தினமும் காரை எடுத்துக்கொண்டு காட்பாடிக்கு வேலைக்குப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவ்வளவுதான். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

தகடு

எஞ்சின் ஓடுகிறதா என்பதை விட்டுவிட்டு முதலில் படுத்துக்கொண்டு அடியைப் பாருங்கள். அம்பாசிடர் ஆனாலும் ஃபியட் ஆனாலும் தனியாக சாசிஸ் கிடையாது, உடம்பே சாசிஸ். லாரியைப் போல இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த கூடு இல்லை. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் துருப்பிடித்தால் போனது அழகு மட்டுமல்ல, காரின் முதுகெலும்பே போயிற்று. எஞ்சினை லேத்தில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். உளுத்துப்போன உடம்பைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு நல்ல வண்டியே வாங்கலாம்.

ஒரு சின்னக் காந்தமும் ஒரு மொட்டை ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) கனமாக அப்பியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு, மொத்து மொத்தென்று கேட்டால் பட்டி அல்லது துரு. பார்க்க வேண்டிய இடங்கள்: காலடித் தளம், கதவின் அடி விளிம்பு, பேட்டரித் தட்டுக்குக் கீழே, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பின் பட்டை ஸ்ப்ரிங் உடம்போடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைத்துக்கொண்டு, கதவு உள்ளிருந்து அழுகுவதுதான் வழக்கம். காலடித் தளத்தில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், அதை ஒட்டலாம். ஸ்ப்ரிங் சேரும் இடமும் பெட்டிச் சட்டமும் இரண்டு பக்கமும் போயிருந்தால் அந்த வண்டியைக் கும்பிட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

டிங்கரிங் ஆளிடம் விடும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒன்று, துருவின் மேலே புதுத் தகட்டை ஒட்டக் கூடாது. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுசை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டுக்கு உள்ளேயே துரு வளரும். தளத்துக்கு 18 கேஜ் தகடு போதும். ஃபைபர் கண்ணாடித் துணியை ஒட்டிப் பூசுவது மழைத் தண்ணீரை நிறுத்தும், பாரம் தாங்காது. இரண்டு, பெட்டிச் சட்டத்தை வெட்டும் முன்னால் கதவுச் சட்டத்துக்குள் குறுக்குக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு அடிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் வெட்டினால் உடம்பு நடுவில் இறங்கும். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு கதவு மூடாது, ஏன் என்றும் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் முடித்து, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்த பிறகே மறுபக்கம்.

வேலை முடிந்த தகட்டில் சிவப்பு ஆக்சைடு அடித்து மழையில் நிறுத்துவது நம்மூர்ப் பழக்கம். அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். எபாக்ஸி பிரைமர் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் அதுதான் தண்ணீரைத் தடுக்கும். அடிப்பக்கத்தில் கழிவு ஆயிலைப் பீய்ச்சுகிற வைத்தியமும் வேண்டாம். ரப்பர் புஷ்கள் ஊறி உப்பிவிடும், தூசி வேறு அப்பிக்கொள்ளும்.

கழற்றுவது

கழற்றுவது சுகமான வேலை. அதனால்தான் பலர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் நிற்கிறார்கள். ஒரு பகுதியை எடுத்து, முடித்து, மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் போல்ட் நட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். உடைந்த பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போட அவசரப்படாதீர்கள். புதுப் பாகம் வாங்கும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. தாங்கு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது, அது சொல்லாமல் கொள்ளாமல் பொடியும்.

பிரேக்

ஓட வைப்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். நின்றுபோன வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) வீல் சிலிண்டர்களையும் உள்ளே அரித்திருக்கும். சிலிண்டர் உள்சுவர் வழவழவென்று இருந்தால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். விரல் நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ் எதுவானாலும் புதிது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள், உள்ளே உப்பி அடைத்திருக்கும். பழைய கார்களில் ஒரே சுற்றுதான், ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிடிப்பு போய்விடும்.

டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது மெக்கானிக் கடை வழக்கம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். டாட் 3 ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கிக் குழாய்களில் தங்கிய காற்றை எடுங்கள். பெடல் கல்லுப்போல நிற்க வேண்டும். மிதிக்க மிதிக்கத்தான் ஏறுகிறது என்றால் எங்கோ காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஷூ அட்ஜஸ்ட் ஆகவில்லை.

எஞ்சின், அதாவது தண்ணீர்

பல வருஷம் நின்ற எஞ்சினைச் செல்ஃப் அடித்து எழுப்பப் பார்க்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற வையுங்கள். சில நாள் கழித்து கிராங்க் புல்லியின் நட்டில் நீள ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். பலத்தைக் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். அப்புறம் பிளக் துளையில் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. ரிங், பிஸ்டன், போரிங் என்று போக வேண்டி வந்தால் அதை லேத் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியைக் கழற்றினால் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடேறி நின்ற வண்டியில் அது அடிக்கடி நடக்கும்.

இனி நம்மூர் விஷயம். பாலாற்றங்கரை போர் தண்ணீரின் உப்பு நமக்குத் தெரியும். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1996ல் தீர்ப்பே வந்தது. அந்தத் தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்த ரேடியேட்டர் எப்படி இருக்கும்? டீக்கடைக் கெட்டிலின் அடி மாதிரி இருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஃபியட் கொதிக்கிறது என்று காரைத் திட்டுகிறோம், பாதிக் குற்றம் தண்ணீர் மேல். ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து மேல் கீழ்த் தொட்டியைப் பிரித்துக் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிளாக்குக்குள்ளும் படிவு இருக்கும், அதையும் பின்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. வழியில் அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் வடித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) பிடுங்கிப் போட்டால் கொதிக்காது என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அடைப்பை எடுத்த ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் தேவையில்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் சீக்கிரம் தேயும்.

பெட்ரோல் டேங்கில் இருக்கும் பழசு பெட்ரோல் இல்லை, பிசின். வடித்து, டேங்கை இறக்கி அலசுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் தங்கும் ஆவி நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. அந்த வேலை பழகியவரிடம் கொடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயாஃப்ரத்தையும் அது தின்றுவிடும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள், கார்பரேட்டருக்கும் பம்புக்கும் புது கிட் போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொட்டு விலகும் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வையுங்கள், கண்டன்சரை மாற்றுங்கள். பிளக் வயர் வரிசை 1-3-4-2. ஷெட்டுக்குள் வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், வெளியே தள்ளுங்கள். கையெட்டும் இடத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வந்த பிறகே பிளக்கை மாட்டி எழுப்புங்கள்.

வயரிங்

எலி கடித்திருக்கும், இல்லையென்றால் யாரோ டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஒட்டின் மேல் ஒட்டுப் போடாமல் மொத்த வயரிங்கையும் மாற்றிவிடுவது மலிவு. உடம்புக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டுங்கள், பாதி நோய் அதிலேயே போய்விடும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் சுவிட்ச் கருகாது, வெளிச்சமும் கூடும்.

பெயிண்ட்

இப்போது பெயிண்ட் பேசலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கவே கூடாது. லாக்கர் பெயிண்ட் ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலில் தின்னர் பறக்கிற வேகத்தில் பெயிண்ட் பரவ நேரம் கிடைக்காமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும். தை, மாசியில் பனி விலகிய காலைப்பொழுது நல்லது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது தேய்ப்பு வேலை. பிரைமர் வரை வாட்டர் பேப்பர் போட்டுப் பொறுமையாகத் தேய்த்துக் கொடுத்தால் பெயிண்டர் கூலியில் நிறைய மிச்சம். கலர் கோட்டை மட்டும் பூத் வைத்திருப்பவரிடம் விடுங்கள். ஹார்டனர் கலக்கும் இப்போதைய பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு அதை மூச்சிழுத்தால் ஆஸ்துமா வரும்.

சீட்டுக்கு ஒரு ஆசை எல்லோருக்கும் வரும்: ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்க ரெக்ஸின் எதற்கு, தோலே போடலாமே? போடலாம். ஆனால் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஷூவுக்கும் கையுறைக்கும் பதப்படுத்திய மெல்லிய ஆட்டுத் தோல். சீட்டில் அது கிழியும், வெயிலில் வெளிறும். சீட்டுக்கென்றே பதப்படுத்திய கனமான மாட்டுத் தோல் கேளுங்கள். அசலைப் போல வேண்டும் என்கிறவருக்கு ரெக்ஸின்தான் சரி.

உதிரி பாகத்துக்கு ஒரு நாள் சென்னைக்குப் போய் வாருங்கள். புது பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போனால் கடைக்காரரிடம் விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

முதல் ஓட்டம்

வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிகாலையில் ஓட்டுங்கள். சத்துவாச்சாரியிலிருந்து நேராக பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறிப் பார்க்கும் ஆசையை அடக்கி வையுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டுகிறது, இல்லை பேரிங் இறுக்கம். கீழே ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனால் எங்கே ஒழுகுகிறது என்று காலையில் தெரியும். கொஞ்சம் ஒழுகும். நிறைய ஒழுகக் கூடாது.

ஹெட் கழற்றி மாட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹெட் போல்ட்டை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி பாருங்கள், ஆயிலும் மாற்றுங்கள். வெயிலில் டிராஃபிக்கில் நின்று எஞ்சின் அணைந்து, மறுபடி எழவில்லை என்றால் பதற வேண்டாம். பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி நிற்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்தால் ஸ்டார்ட் ஆகும். ஃபியட் வைத்திருந்த பழைய ஆட்கள் எல்லோருடைய டிக்கியிலும் ஒரு துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கும்.

இதெல்லாம் ஒரு மாதம் ஒழுங்காக நடந்தால் ஏலகிரிக்குப் போகலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது ரேடியேட்டரைச் சோதிக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, அடிவாரத்துக்கு வரும்போது பெடலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.